காசு குடுத்து விழப் போற பேராண்டிக்கு

ஏய்யா பேராண்டி, இங்கிட்டு வா. திண்ணையில ஒக்காரு. அந்தப் போனைக் கவுத்து வையி. நீ கடலுக்குப் போறேன்னு ஒங்க அப்பத்தா சொன்னா. போ, வேணாங்கல. ஆனா நம்ம பக்கத்து ஆளுக கடலுக்குப் போறதுக்கு எனக்குத் தெரிஞ்சு மூணே காரணந்தேன் இருந்துச்சு. செட்டியார் வீட்டு ஆளுக கொண்டுவிக்கப் போவாக. ஆடி அமாவாசைக்கு ராமேசுரத்துல திதி குடுக்கப் போவோம். மூணாவது, தொண்டியில கருவாடு நயமாக் கெடைக்கும். நீ நாலாவதா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்க: விழுகிறதுக்கு. அதுவும் காசு குடுத்து, லீவு போட்டு, பெங்களூருலருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸுல ஒக்காந்து வந்து. நம்ம கொல்லையில பாசி புடிச்ச தொவைகல்லு ஒண்ணு கெடக்கு. அதுல நான் மாசத்துக்கு ஒருக்கா சும்மாவே விழுகிறேன். ஒரு பய வந்து அஞ்சு பைசா வாங்கினதில்ல.

சரி, எந்தக் கோவளத்துக்குப் போற? முழிக்காதே. கேரளாவுல திருவனந்தபுரத்துக்குத் தெக்க ஒரு கோவளம் இருக்கு. மெட்ராசுக்குத் தெக்க 40 கிலோமீட்டர்ல, மாமல்லபுரம் போற ரோட்டுல ஒரு கோவளம் இருக்கு. கன்னியாகுமரிக்குப் பக்கத்துல மூணாவதா இன்னொண்ணும் இருக்கு. முத ரெண்டுலயும் அலை மேல பலகையில நிக்கச் சொல்லித் தர்றாக. டிக்கெட்டை மாத்திப் போட்டுட்டு, "அய்யா, இங்க எல்லாரும் மலையாளம் பேசுறாக"ன்னு எனக்குப் போனைப் போடாதே.

"இம்புட்டுத் தூரம் எதுக்கு, தொண்டி இந்தா இருக்கு, அங்கன எறங்கிப் பழகட்டுமே"ன்னு ஒங்கப்பன் சொன்னான். அவன் படிச்சவன், அப்படித்தேன் சொல்வான். தொண்டியில அலைக்கு எங்க போறது? கெழக்க இலங்கை குறுக்க படுத்துக் கெடக்கு, வாசலை மறிச்சுக் கெழவன் கட்டில் போட்ட மாதிரி. வெளிக்கடல் அலை அதைத் தாண்டி உள்ள வராது. ஆழமும் கம்மி. தேவிபட்டினத்துல நவக்கிரகத்தைக் கடலுக்குள்ளயே நட்டு வச்சுக் கும்பிடுறோம். கோவளத்து அலைக்கு அது நிக்குமா? ராமேசுரத்துல இந்தப் பக்கத்துக் கடலுக்குப் பேரே பெண்கடல். மன்னார்ப் பக்கம் இரையிற கடலுக்கு ஆண்கடல்னு பேரு. அம்பது வருசம் குடித்தனம் பண்ணின எவனும் அந்தப் பேரை மாத்தித்தேன் வச்சிருப்பான். மெதுவாச் சிரி, ஒங்க அப்பத்தா உள்ளதேன் இருக்கா.

நகரத்தாருக பூம்புகார்ல இருந்தவுகன்னும், கடல் பொங்கி ஊரை அழிச்சதால வறண்ட பூமியாப் பாத்து இங்கிட்டு வந்தாகன்னும் சொல்வாக. கானாடுகாத்தான்ல போயிப் பாரு, வாசல்ல நின்னா வீடு தலைக்கு மேல இருக்கும். தரையை அம்புட்டு ஒசத்திக் கட்டினதே கடல் பயத்துலதேன்னு பெரியாளுக பேச்சு. நெசமோ என்னமோ. ஆனா அப்படிப் பயந்து வந்தவுக வம்சமே பினாங்கு, ரங்கூன், சைகோன்னு மறுபடி கடல் மேல போச்சு. பர்மாத் தேக்கை அலை மேலயே கொண்டாந்துதேன் அந்த வீடுகளுக்குத் தூண் நட்டாக. ஆத்தங்குடிக் கல்லு மட்டும் மாட்டு வண்டியில வந்துச்சு.

எங்கப்பாவும் போனாரு. மொதலாளியா இல்ல, பினாங்குக் கிட்டங்கிக்குச் சமையலுக்கு. நாகப்பட்டினத்துல ரஜூலாக் கப்பல். அந்தக் கப்பல் 1926ல ஓட ஆரம்பிச்சது. 1970கள்ல ஒடைக்கப் போற வரைக்கும் நம்ம சனத்தை அங்கிட்டும் இங்கிட்டும் சொமந்துச்சு. காசுள்ளவனுக்கு அறை, எங்கப்பா மாதிரி ஆளுக்கு மேல்தட்டுல பாய். மொத மூணு நாளும் வாந்தி. நாலாவது நாள் கப்பல்ல வேலை பாக்குற ஒரு ஆளு சொன்னாராம்: "ஏன்யா விறைச்சுக்கிட்டு நிக்கிற? முட்டியத் தளத்தி, அது ஆடுறப்ப நீயும் ஆடு." எங்கப்பா ஊருக்குக் கொண்டாந்ததுல ஒரு தகரப் பெட்டியும் இந்தப் புத்தியுந்தேன் மிச்சம். பெட்டி துருப்புடிச்சுப் போச்சு. மத்ததை ஒனக்குத் தர்றேன், வச்சுக்க.

மொதல்ல அலைன்னா என்னன்னு தெரிஞ்சுக்க. தண்ணி ஓடி வருதுன்னு நெனைக்கிற. தை மாசத்துல கதிர் முத்தின வயல்ல காத்து அடிக்கையில பாத்திருக்கியா? ஒரு வரப்புலருந்து மறு வரப்புக்கு அலை ஓடும். நெல்லா ஓடுது? அது நின்ன எடத்துலயே நின்னு தலையாட்டுது, ஆட்டந்தேன் ஓடுது. கடலும் அப்படித்தேன். எங்கயோ தெக்கத்திப் பெருங்கடல்ல காத்து வெறி புடிச்சு அடிக்கும். அந்த ஆட்டம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து கோவளத்துக்கு வரும். கரை கிட்ட வந்ததும் ஆழம் கொறையுமா, அலையோட அடிப்பக்கம் தரையில இழுபடும். மேல்பக்கம் வந்த வேகத்துலயே வரும். வாசப்படி தடுக்கின புது மாப்பிள்ளை மாதிரி தலைகுப்புற விழும். நீ ஏறி நிக்க ஆசைப்படுறது அந்த விழுகிற மாப்பிள்ளை மேலதேன்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, நல்லாக் கேட்டுக்க. அலை என்ன ஒசரமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழத்துக்கு வந்ததும் ஒடஞ்சிரும். 3 அடி அலை ஒடையிற எடத்துல தண்ணி 4 அடிக்குப் பக்கந்தேன் இருக்கும். பாக்கப் பெரிய கடலு, ஆனா நம்ம ஊருணிப் படிக்கட்டு ஆழம். அங்கன போயி நீ கெணத்துல பாயிற மாதிரி தலைகீழாப் பாஞ்சின்னா, கழுத்து ஒரு பக்கம் தோளு ஒரு பக்கந்தேன். விழுந்தா மல்லாக்கவோ பக்கவாட்டுலயோ பாய் விரிச்ச மாதிரி விழு. ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிட்டு மேல வா. ஏன்னா ஒனக்கு முந்தியே ஒன் பலகை மேல வந்து, நீ எப்ப வருவேன்னு காத்துக்கிட்டு இருக்கும்.

சொல்லிக் குடுக்கிறவுக யாருன்னு நெனைச்ச? கட்டுமரத்து ஆளுக. இங்கிலீசுக்காரன் நம்மகிட்டருந்து வட்டியில்லாம வாங்கிட்டுப் போன சாமானுல அந்த வார்த்தையும் ஒண்ணு, 'கட்டமரான்'னு எழுதி வச்சுக்கிட்டான். விடிய மீன் புடிச்சிட்டுத் திரும்பையில அலையோட முதுகுல ஏறிக் கரைக்கு வர்றதுதேன் அந்த ஆளுகளுக்கு வழக்கம். அதுக்குப் பேரு கெடையாது, கோப்பை கெடையாது, வீட்டுக்கு வர்றதுன்னு பேரு. மெட்ராசுப் பக்கத்துக் கோவளத்துக் குப்பத்துல பொறந்த மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர், சின்னப் புள்ளையில மரத்துண்டை வச்சு அலையில வெளையாண்டவரு. 2012ல அருண் வாசுங்கிற தொழிலதிபர் தொணை நிக்க, அங்கன அலை ஓட்டப் பழக்குற ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாக. குப்பத்துப் பயலுகளுக்குச் சட்டம் என்ன தெரியுமா? பீடி சிகரெட் கூடாது, தண்ணியடிக்கக் கூடாது, அலை மட்டுந்தேன். ஒன்கூட வர்ற ரெண்டு கூட்டாளிகளும் அந்தப் பரீட்சையில எத்தனை மார்க்கு வாங்குவாகன்னு எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால பொகை வந்துச்சே, மாடா புடிச்சிச்சு?

மறு வருசமே அங்க திருவிழா வச்சாக. ஜான்டி ரோட்ஸ்னு தென்னாப்பிரிக்காக் கிரிக்கெட்டுக்காரரு வந்து அலை ஓட்டியிருக்காரு. பெத்த மகளுக்கு 'இந்தியா'ன்னே பேரு வச்ச மனுசன். அதுக்கு முந்தி, 2004லயே கர்நாடகத்துல முல்கியில ஜாக் ஹெப்னர்னு ஒரு அமெரிக்கக்காரரு ஆசிரமமும் பலகையுமா ஒக்காந்துட்டாரு. 'சர்ஃபிங் சாமி'ன்னே பேரு. ஒலிம்பிக்ல டோக்கியோவுலதேன் மொத மொதல்ல இந்த அலை ஓட்டுற வெளையாட்டைச் சேத்தாக. இந்தா, 2025 ஆவணி பொறக்கிறதுக்கு முந்தி மாமல்லபுரத்துல ஆசியப் போட்டி நடந்து, கேரளாக் கோவளத்துல வளந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரு. தனி ஆளாப் போட்டியில நின்னு இந்தியாவுக்கு அதுல வந்த மொதப் பதக்கம் அது. நீ பேப்பர்ல அந்தப் பக்கத்தை மடிச்சுப் பஜ்ஜி எண்ணெய் ஒத்துன. நான் படிச்சேன்.

இப்பப் பலகைக்கு வர்றேன். அங்க போனதும் ஒன் கண்ணு சின்னதா, கூரா, வழவழன்னு நிக்கிற பலகை மேலதேன் போகும். ஒங்க குடும்பத்துக் கண்ணு அப்படி. ஆனா அவுக ஒனக்கு மேல பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற, 8 அடி 9 அடி நீளத்துல, கனத்த பலகையக் குடுப்பாக. மூஞ்சியச் சுளிக்காம வாங்கிக்க. பெரிசுதேன் நல்லா மிதக்கும், பெரிசுதேன் ஆடாம நிக்கும், மண்டையில அடிச்சாலும் பெரிசு மெத்துன்னு அடிக்கும். ஹவாய்த் தீவுல அந்தக் காலத்துல ராசாக்களுக்குத்தேன் நீளப் பலகை. வில்லிவில்லின்னு ஒரு லேசான மரத்துல செஞ்சாக. அது வேற ஏதோ தேவலோகத்து மரம் இல்ல. நம்ம வேலியில நிக்கிற கல்யாண முருங்கைக்குப் பங்காளி. நாம அதுல பந்தக்கால் நட்டோம், அவுக அலை ஏறுனாக.

பலகையில ஒரு கயிறு இருக்கும். அதைப் பின்னங்கால்ல கட்டுவாக. மாட்டுக்குத் தும்பு போடுற மாதிரின்னு நெனைச்சுக்க, ஆனா இங்க ஓடுற மாடு பலகை, கட்டுத்தறி நீ. எது பின்னங்காலுன்னு தெரியலைன்னா கண்ணை மூடிக்கிட்டு நில்லு, யாராவது பின்னாலருந்து லேசாத் தள்ளட்டும். தன்னால முன்னால போற காலு முன்னங்காலு. வலதுகாலை எடுத்து வச்சு வான்னு ஒங்க அப்பத்தா சொல்ற சட்டம் அங்க செல்லாது. இடதுகாலை முன்வைக்கிறவுகதேன் அங்க சாஸ்தி.

மொத ஒரு மணி நேரம் தண்ணியில எறக்க மாட்டாக. மணல்லயே படுக்கப் போட்டு எந்திரிக்கச் சொல்வாக. கை ரெண்டையும் நெஞ்சுக்குப் பக்கத்துல ஊணி, ஒரே உந்துல கால் ரெண்டையும் அடிவயித்துக்குக் கீழ கொண்டாந்து, முட்டி மடங்கி, பக்கவாட்டுல நிக்கணும். நடுவுல முட்டி போட்டு, கையத் தூக்கி, இடுப்பைப் புடிச்சு, தவணை முறையில எந்திரிக்கக் கூடாது. பிள்ளையார்பட்டியில போயி ஒழுங்காத் தோப்புக்கரணம் போட்டவனுக்கு இது ஒரு வேலையே இல்ல. நீ போன தடவை அங்க வந்தப்ப என்ன பண்ணின? காதைப் புடிச்சுக்கிட்டு ஒரு செல்ஃபி எடுத்துட்டு, மோதகம் எங்க விக்குதுன்னு கேட்ட. பிள்ளையாரு கணக்கு வச்சிருப்பாரு. கோவளத்துல வசூல் பண்ணுவாரு.

படுக்கிற எடத்துக்கு ஒரு பாரக் கணக்கு உண்டு. மாட்டு வண்டியில முன்பாரம் போட்டா மாட்டுக் கழுத்து நோகும், பின்பாரம் போட்டா நுகத்தடி மேல தூக்கும். பலகையும் அதே. முன்னால தள்ளிப் படுத்தா மூக்கு தண்ணிக்குள்ள குத்தி ஒன்னையத் தூக்கி எறியும். பின்னால தள்ளிப் படுத்தா மூக்கு வானத்தைப் பாக்கும், அலை ஒன்னைய விட்டுட்டுப் போயிரும். வண்டியே கட்டாத தலைமுறைக்கு இது எப்படி வெளங்கப் போகுதோ.

சிராவயல் மஞ்சுவிரட்டு பாத்தவன்தான நீ? தொழுவுலருந்து மாடு வர்றப்ப எதுக்க நின்னு கொம்பைப் புடிக்கிறவன் மாடுபுடிக்கிறவன் இல்ல, ஆஸ்பத்திரிக் கேசு. வெவரமான பய மாடு பாயிற பக்கமே ரெண்டு எட்டு ஓடி, அது வேகமும் தன் வேகமும் ஒண்ணாகுறப்பத்தேன் திமிலை அணைவான். அலையும் அதேதேன். அது வர்றதுக்கு முந்தியே குப்புறப் படுத்துக் கையால துழாவிக் கெளம்பியிருக்கணும். வந்தப்புறம் அவசரப்பட்டா, மாடு கடந்தப்புறம் தூசியப் புடிச்ச கதை. எந்திரிச்சா கரையப் பாரு. காலைப் பாக்காதே. காலைப் பாத்தவன் காலுக்குத்தேன் போவான், தலை முன்னால.

ஆனா இதெல்லாம் மொத நாள் ஒனக்கு வராது. மொத நாள் ஒடஞ்ச அலையோட நுரையிலதேன் ஒன்னைய விடுவாக. இடுப்பளவு தண்ணியில வாத்தியாரு பலகையப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு, நுரை வர்றப்ப ஒரு தள்ளு. நீ எந்திரிப்ப, விழுவ. எந்திரிப்ப, விழுவ. மூக்குல உப்புத்தண்ணி ஏறும், காதுல மணல் போகும், நெஞ்சுத் தோலு வழண்டு போகும். அந்த வெளையாட்டுக்கு 'சர்ஃப்'னு எவன் பேரு வச்சானோ, அவன் நம்ம ஊர்ப் பொட்டிக் கடைக்கு வந்து போனவனாத்தேன் இருக்கணும். ஊறப்போட்டு, அடிச்சு, அலசி, பிழிஞ்சு காயப்போட்டுருவாக.

இது வரைக்கும் சொன்னது வெளையாட்டு. இப்பச் சொல்றது இல்ல.

நம்ம கண்மாயில ஒனக்கு நீச்சல் பழக்கினப்ப நான் என்ன சொன்னேன்? மடை தொறந்திருக்கையில அங்கிட்டுப் போகாதேன்னு. மடைக்கு மேல தண்ணி அசையாம, குளுகுளுன்னு, கண்ணாடி மாதிரி நிக்கும். அடியில இழுத்துக்கிட்டு இருக்கும். கடலுக்கும் மடை உண்டு, கலுங்கு உண்டு. அலை மேல அலையாக் கரையில கொண்டாந்து கொட்டுற தண்ணி திரும்பிப் போக வழி தேடுமா இல்லையா? எங்கயாவது மணல்திட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம் கெடைச்சா அது வழியா ஆறு மாதிரி உள்ள ஓடும். ரெண்டு பக்கமும் அலை ஒடையும், நடுவுல மட்டும் அலையே இல்லாம சாதுவா இருக்கும். மெரினாவுல, மாமல்லபுரத்துல, வருசா வருசம் டூர் வந்த புள்ளைக "இந்த எடம் நல்லா இருக்கு"ன்னு எறங்குறது பெரும்பாலும் அப்படி எடத்துலதேன். மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தாதே, ஜெயிக்க மாட்ட. கரைக்கு ஒட்டினாப்புல பக்கவாட்டுல நீந்து. அந்த வாய்க்கா அகலம் கொஞ்சந்தேன். இல்லையா, பலகை மேல படுத்துக்கிட்டு ஒரு கையத் தூக்கு. என்ன ஆனாலும் பலகைய விட்டுட்டு நீந்தாதே. கையத் தூக்கக் கூச்சப்பட்டு எத்தனையோ பேரு போயிச் சேந்துட்டாக.

பலகைய ஒனக்கும் அலைக்கும் நடுவுல குறுக்கால வச்சுக்கிட்டு நிக்காதே. அலை அதைத் தூக்கி ஒன் வெலாவுல சாத்தும். ஐப்பசி, கார்த்திகையில வாடைக் காத்து ஏறிட்டா அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே. இப்ப ஆவணி, போகலாம். போனா விடியக்காலம் போ. அப்பக் காத்து கரையிலருந்து கடலைப் பாத்து அடிக்கும், அலை கலையாம வழவழன்னு நிக்கும். பத்து பதினோரு மணிக்கு மேல கடக்காத்து ஏறி எல்லாத்தையும் கலைச்சுப் போடும். நீ எந்திரிக்கிறதே ஒம்பது மணிக்கு. ஒனக்கு எந்த அலை காத்துக்கிட்டு நிக்கும்?

இன்னொரு பழக்கம். அங்க ஒரு அலைக்கு ஒரு ஆளுன்னு கணக்கு. அலை மொதல்ல ஒடையிற எடத்துக்கு யாரு பக்கத்துல இருக்காகளோ அவுகளுக்குத்தேன் அது. குறுக்க விழுந்து ஏறக் கூடாது. ஒங்க அப்பத்தா காலத்துல ஊருணியில கொடம் வச்ச வரிசை மாதிரி. ஒருத்தி வரிசை தாண்டிக் கொடத்தை முக்குனா அன்னைக்குப் பூரா ஊரு அவ குலம் கோத்திரம் எல்லாம் அலசும். கோவளத்துப் பயலுக வாயால வைய மாட்டாக. அடுத்த அலையில நீ தண்ணி குடிக்கிறப்பக் கொஞ்ச நேரம் சும்மாப் பாத்துக்கிட்டு இருப்பாக. அதுவே போதும்.

அப்பறம் அவுகளை 'டேய், தம்பி'ன்னு வேலை வாங்காதே. பதினெட்டு வயசுப் பயலா இருக்கும், கருத்துச் சிறுத்து இருப்பான், ஒன் சம்பளத்துல கால்வாசி கூட வாங்க மாட்டான். ஆனா கடலு காலையில என்ன புத்தியில எந்திரிச்சிருக்குன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லுவான். ஒனக்கு ஒன் மேனேஜர் மூஞ்சியப் பாத்துக்கூடச் சொல்லத் தெரியாது. 'மாஸ்டர்'னு கூப்புடு. மாஸ்டர் "இன்னைக்கு வேணாம்"னா வேணாம். "முழுக் காசு கட்டியிருக்கேன்"னு கடல்கிட்ட ரசீதைக் காட்ட முடியாது.

என்ன, அப்படிப் பாக்குற? மணல்ல படுக்கப் போடுறது, பின்னங்கால்ல கயிறு, வெலாவுல சாத்துறது, இதெல்லாம் திண்ணையில ஒக்காந்திருக்கிற கெழவனுக்கு எப்படித் தெரியும்னா? பேப்பர்ல படிச்சேன்னு சொன்னேன்ல. நம்பல. ஒங்க அப்பத்தா மாதிரியே புருவத்தைத் தூக்குறான் பாரு. கதவைச் சாத்திட்டு வா.

போன மாசில மெட்ராசுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன்ல, மூணு நாள் தங்கினேன்ல. மூணாவது நாள் கல்யாண வீட்டுப் புள்ளைக எல்லாம் வேன் எடுத்துக்கிட்டுக் கோவளம் போச்சுக. நானும் கடல் பாக்கலாம்னு ஏறிட்டேன். புள்ளைக விழுகிறதைப் பாத்து நான் கரையில சிரிச்சேன். கொஞ்சம் சத்தமாவே சிரிச்சிட்டேன் போல. ஒரு மாஸ்டர் வந்து, "அய்யா, நீங்க சும்மாப் படுத்துக்கங்க, நான் புடிச்சுக்கிறேன்"னான். 74 வயசுக்காரனைப் பாத்துப் படுத்துக்கங்கன்னா எனக்கு வேற அர்த்தந்தேன் மொதல்ல தோணுச்சு. அப்பறம் சரின்னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் படுத்தேன்.

ஒரு தள்ளு. அம்புட்டுத்தேன். பின்னால வெள்ளையா நுரை எரைச்சலோட வருது, அடியில பலகை எந்திரிக்குது, எவனோ கழுத்தைப் புடிச்சுத் தூக்குற மாதிரி கரையப் பாத்துக் கொண்டு போகுது. நான் துழாவல, மிதிக்கல, ஒண்ணும் பண்ணல. மாடு பூட்டாத வண்டி தன்னால ஓடுது. எங்கப்பா ரஜூலாவுல கத்துக்கிட்டது ஞாபகம் வந்து ஒடம்பைத் தளத்தினேன். கரை மணல்ல கொண்டாந்து பூப்போல எறக்கி விட்டுச்சு. எந்திரிச்சு ரெண்டு கையையும் தூக்குறேன், புள்ளைகளெல்லாம் வேற பக்கம் திரும்பிக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்குதுக. என்னடான்னு குனிஞ்சு பாத்தா, நான் மட்டுந்தேன் கரைக்கு வந்திருக்கேன். வேட்டி கடல்லயே நின்னுபோச்சு.

அந்த மாஸ்டர் நல்ல புள்ளை. பாஞ்சு போயி எடுத்துக்கிட்டு வந்து, மொகத்தைக்கூடப் பாக்காம நீட்டினான். ஒங்க அக்கா கூட வந்திருந்தா. வேன்ல வர்றப்ப நான் பேசாம ஒக்காந்திருந்ததைப் பாத்துட்டு ஒரு கதை சொன்னா. அகதா கிறிஸ்டின்னு ஒரு வெள்ளைக்காரம்மா, துப்பறியும் கதையா எழுதிக் குவிச்சவ. 1922ல புருசனோட உலகம் சுத்தப் போனப்ப, தென்னாப்பிரிக்காவுல பலகையில படுத்து வரப் பழகி, ஹவாய்க்குப் போயி நின்னே வந்திருக்கா. அந்த அம்மா ஹவாய்ல பட்டுல நீச்சல் உடுப்புப் போட்டுக்கிட்டு எறங்க, அலை அதைக் கிழிச்சுக் கிட்டத்தட்ட எல்லாத்தையும் உருவிருச்சாம். உருவுனதும் அழுதுக்கிட்டு ஊருக்குத் திரும்பல. கடைக்குப் போயிப் பச்சைக் கலர்ல கம்பளி உடுப்பு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு மறுபடி எறங்கிட்டா. நான் அந்த அம்மா எழுதினது ஒண்ணுகூடப் படிச்சதில்ல. ஆனா அன்னைக்கு வேன்ல எனக்கு அவ கூடப்பொறந்தவ மாதிரி ஆயிட்டா.

ஒங்க அக்கா வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. அதுக்குக் கூலியா ஒரு சில்க் புடவை. இப்ப ஒனக்கு ஒரு பேன்ட்டுத் துணி எடுத்துத் தர்றேன். அதுக்கு மேல கேட்டா நீயே போயி அப்பத்தாகிட்டச் சொல்லிக்க, நானும் மாட்டுக் கொட்டகைப் பொகையைப் பத்திப் பேசுவேன்.

பல்லவன் காரைக்குடியிலருந்து விடியுமுன்னே கெளம்பிரும். சீக்கிரம் படு. செங்கல்பட்டுல எறங்கினா மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸு இருக்கு, அங்கருந்து கோவளம் கிட்டத்தேன். டிக்கெட் நான் எடுத்துட்டேன், ரெண்டு. அப்பத்தா கேட்டா, அய்யாவுக்குக் கண்ணுல பொரை, மெட்ராசுல காட்டப் போறோம்னு சொல்லு. அந்தா, பரண் மேல தகரப் பெட்டி இருந்த எடத்துல ஒரு மஞ்சப்பை இருக்கு பாரு, அதை எடுத்து ஒன் பையில வையி. பிரிக்காதே. டவுசருதேன், நாடா வச்சது. பச்சைக் கலரு.